வந்தவர் எண்ணிக்கை வேறு, பெஞ்ச் பலம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையில், ஓர் அணிக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வழியாக ஐந்து டிஃபன்சிவ் பேக்குகள் (எதிரணி வீசும் பந்தைத் தடுக்கப் பின்னால் நிற்பவர்கள்) வந்துவிட்டதால் அதன் பின்வரிசைத் தற்காப்புக்கு இனிக் கவலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அந்தக் கணக்கில்தான். ஐந்து பேர் வந்தது வரவு மட்டும். போனவர்கள் யார், வந்தவர்களுக்கு எந்தெந்த இடத்தில் நிற்கத் தெரியும், அவர்களுக்கு ஆட இன்னும் எத்தனை பருவம் பாக்கி என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இருப்பு தெரியும்.

முதலில் இடங்கள். இன்று பெரும்பாலான அணிகள் மூன்று ரிசீவர்களை, அதாவது வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை, வைத்துத் தாக்குகின்றன. அதனால் ஐந்து டிஃபன்சிவ் பேக்குகள் நிற்கும் நிக்கல் அமைப்பே அன்றாடச் சோறாகிவிட்டது: ஓரங்களில் இரண்டு கார்னர்பேக், பின்னால் இரண்டு சேஃப்டி, உள்பக்க ரிசீவரைப் பார்க்க ஒரு நிக்கல். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) தூரம் அதிகமென்றால் ஆறாவது ஆளும் வருவார். ஐந்து இடம், இடத்துக்கு இரண்டு பேர், ஆக பத்துப் பேர் போதும் என்று தோன்றும். ஆனால் கல்லூரி மைதானத்தின் அமைப்பே அதற்குள் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு முயற்சிக்கும் பந்தை இவற்றின் மேலோ இவற்றுக்கு நடுவிலோதான் வைப்பார்கள் என்ற ஹாஷ் கோடுகள் இரண்டும் அந்தந்தப் பக்க எல்லையிலிருந்து 60 அடி உள்ளே. நடுவே 40 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. தொழில்முறை என்எஃப்எல்லில் ஹாஷ்களுக்கு நடுவே பதினெட்டரை அடிதான். அங்கே பந்து ஏறக்குறைய நடுவிலேயே கிடக்கும்.

ஆகவே கல்லூரியில் கார்னர்பேக் என்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. குறுகிய பக்கத்தில் நிற்பவருக்கு எல்லைக்கோடே ஒரு துணை. ஆனால் அவர் பெரும்பாலும் தனியாள். ரிசீவரை முட்டித் தள்ளவும் ஓட்டத்தைத் தடுக்கவும் உடம்பு வேண்டும். அகலப் பக்கத்தில் நிற்பவருக்கு நூறு அடி வெளி. கால் வேகமும் தூரத்திலிருந்து பார்வையை ஓட்டும் பழக்கமும் வேண்டும். இரண்டு கார்னர்பேக்குகளைக் கொண்டுவந்து இருவருமே குறுகிய பக்கத்து ஆட்கள் என்றால், அகலப் பக்கத்தின் பெஞ்ச் இன்னும் காலிதான். கபடி பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடது கார்னரில் பழகியவரை வலது கார்னரில் நிறுத்தினால் ஆள் அதே ஆள்தான், பிடி அதே பிடி இல்லை.

2024 ஜனவரியில் அலபாமாவுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 10 அன்று பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். கார்னர்பேக்குகள் டெரியன் ஆர்னால்டும் கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரியும் என்எஃப்எல் பக்கம் போனார்கள். மற்றொரு கார்னர்பேக் டிரே ஏமஸ் ஓல் மிஸ்ஸுக்குப் போனார். முதலாண்டிலேயே தூணாக நின்ற சேஃப்டி கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். பதிலுக்கு யுஎஸ்சியிலிருந்து கார்னர்பேக் டொமானி ஜாக்சன், மிச்சிகனிலிருந்து சேஃப்டி கியான் சாப் வந்தார்கள். தாளில் ஓட்டை அடைபட்டது. அக்டோபரில் டென்னசி ஆட்டத்தில் சாபுக்குக் காலில் அடிபட்டு அந்தப் பருவமே முடிந்தது. அந்த இடத்தைப் பிடித்தவர் போர்ட்டலில் வந்தவர் அல்ல; பள்ளியிலிருந்து நேராகச் சேர்ந்து, வரிசையில் காத்திருந்த பிரே ஹப்பர்ட். அதற்கு முன், செப்டம்பர் 28 அன்று ஜார்ஜியாவை 41-34 என்று வென்ற ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் எண்ட் ஸோனில் (மைதானக் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதி) பந்தைப் பறித்த ஸேபியன் பிரவுனும் பள்ளி முடித்து வந்த முதலாண்டு மாணவர்தான். போர்ட்டல் முதல் வரிசையை நிரப்பியது. இரண்டாம் வரிசை ஏற்கெனவே அங்கே இருந்தது.

டவுன்ஸ் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ஒஹாயோ ஸ்டேட்டில் டென்ஸல் பர்க், ஜோர்டன் ஹான்காக், லேதன் ரான்ஸம் மூவரும் பல வருடமாக அங்கேயே ஆடியவர்கள். தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஜிம் நோல்ஸுக்கு அது மூன்றாவது பருவம். ஓல் மிஸ்ஸிலிருந்து முந்தைய ஆண்டே வந்த டேவிசன் இக்பினோசனும் அதற்குள் நோல்ஸின் தற்காப்புப் பாஷையில் ஊறிவிட்டார். அதாவது ஐந்து பேரில் புதியவர் ஒருவர். மற்ற நால்வரும் அவருக்குக் கை காட்ட முடியும். 2025 ஜனவரி 20 அன்று நோட்ரே டாமை 34-23 என்று வீழ்த்தி அந்த அணி பட்டம் வென்றது. ஐந்தில் ஒருவர் புதியவர் என்பதும் நால்வர் புதியவர்கள் என்பதும் வெறும் எண்ணிக்கை வித்தியாசம் இல்லை. நால்வர் புதியவர்கள் என்றால் யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது?

இந்தியானாவில் நடந்தது மூன்றாவது வகை. 2024 பருவத்துக்கு கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் பிரையன்ட் ஹெய்ன்ஸும் கார்னர்பேக் டி'ஆஞ்சலோ பாண்ட்ஸும் கூடவே வந்தார்கள். பாண்ட்ஸுக்கு ஊர் புதிது, யார் யாரைக் காப்பது என்று களத்தில் சொல்லும் அழைப்புச் சொற்கள் பழையவை. போர்ட்டல் வரவிலேயே இதுதான் மிகக் குறைந்த அபாயம் என்பது என் கருத்து. பத்திரிகைகள் தரும் நட்சத்திர மதிப்பீட்டில் இது எங்கும் தெரியாது.

அழைப்புச் சொற்கள் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்வரிசை உடைவது பெரும்பாலும் அங்கேதான். ஆட்டத்தின் ஒரே ஒரு முயற்சியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பந்து வலது ஹாஷில் இருக்கிறது. அகலமான இடது பக்கத்தில் இரண்டு ரிசீவர்கள். வெளியே நிற்பவர் முதலாமவர், உள்ளே நிற்பவர் இரண்டாமவர். கார்னர்பேக் ஏழு யார்டு தள்ளி, சேஃப்டி பத்துப் பன்னிரண்டு யார்டு தள்ளி நிற்கிறார்கள். அழைப்பு ‘பாம்ஸ்’. இதில் கார்னர்பேக்கும் சேஃப்டியும் இரண்டாமவரையே கவனிக்க வேண்டும். அவர் முதல் ஐந்து யார்டுக்குள் வெளிப்பக்கம் திரும்பினால், கார்னர்பேக் தன் ஆளை விட்டுவிட்டு அவர் மேல் பாய வேண்டும். சேஃப்டி பின்னால் சுற்றிப் போய் முதலாமவரை எடுத்துக்கொள்வார். இரண்டாமவர் திரும்பாமல் நேரே ஓடினால் அவரவர் ஆள் அவரவருக்கு.

வந்த கார்னர்பேக் முந்தைய கல்லூரியில் மூன்று வருடம் மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்) மட்டுமே ஆடியவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கால் தானாக முதலாமவரோடு போய்விடும். சேஃப்டி விதிப்படி அங்கேயே வந்து நிற்பார். ஒருவருக்கு இரண்டு காவல்; இரண்டாமவர் ஓரத்தில் தன்னந்தனியாக. ஐந்து யார்டில் பிடித்த பந்து இருபத்தைந்து யார்டில் போய் நிற்கும். தொலைக்காட்சியில் கண்ணில் படுவது என்னவோ, பின்னாலிருந்து மூச்சு வாங்கத் துரத்தி வரும் லைன்பேக்கர் (நடுவரிசைக் காவலர்)தான். பழியும் அவர் தலையில்.

ஹெல்மெட்டில் வானொலி வந்துவிட்டதே, பயிற்சியாளரே சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். 2024 முதல் மேல்நிலைப் பிரிவில் அது உண்டு. ஆனால் தற்காப்பில் ஒரே ஓர் ஆளுக்குத்தான். பெரும்பாலும் அது லைன்பேக்கர். அடுத்த முயற்சியைத் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 விநாடி பாக்கி இருக்கும்போதே, அல்லது அதற்கு முன் ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து முயற்சியைத் தொடங்குவது) நடந்தால் அப்போதே, இணைப்பு அறுந்துவிடும். ரிசீவர் மோஷனில் குறுக்கே நடக்கத் தொடங்குவது வழக்கமாக அதற்கும் பிறகு. அந்தக் கடைசி விநாடிகளில் சேஃப்டியின் கைச்சைகையும் வாயும்தான் வேலை செய்யும். கார்னர்பேக் ஆளோடு போவதா, இடத்தைக் காப்பதா என்று அங்கேதான் முடிவாகிறது. சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். சேபன் காலத்து அலபாமாவில் நிக்கலுக்கு ‘ஸ்டார்’ என்று பெயர். அடுத்துத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக வந்த கேன் வோமாக் அதையே ‘ஹஸ்கி’ என்றார். அங்கேயே தங்கியிருந்தவர்களும் புதுப்பெயர் படிக்க வேண்டியிருந்தது என்றால், வெளியிலிருந்து வந்தவர் பாடு கேட்கவே வேண்டாம்.

படிக்க நேரம் எவ்வளவு? ஜனவரியில் சேருபவருக்கு வசந்தகாலத்தில் 15 பயிற்சிகள், பருவத்துக்கு முன் 25 பயிற்சிகள். கோடையில் வருபவருக்கு அந்தப் பதினைந்தும் இல்லை. ஒரு பயிற்சியில் முழு அணி மோதும் பகுதி 24 ஸ்னாப் என்று கொண்டால், முதல் வரிசைக்குப் பன்னிரண்டு, இரண்டாம் வரிசைக்கு எட்டு, மூன்றாம் வரிசைக்கு நான்கு என்று பிரிப்பது சாதாரணம். புதியவர் விரைவாகப் பழக வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டும் அவருக்கே. இரண்டு வருடம் காத்திருந்த பையன் எட்டுக்கு இறங்குவார். அவருக்குப் பின்னால் இருந்தவர் நான்குக்கு. அந்த நான்கில் யாரும் சேஃப்டி ஆகிவிட முடியாது. அடுத்த போர்ட்டல் திறந்ததும் முதலில் பெயர் கொடுப்பது இந்த இருவரில் ஒருவர்தான். ஒருவரை வாங்கி இருவரை இழப்பது இப்படித்தான்.

விதிகளின் வரலாறும் இதற்குத் தோதாகவே போயிருக்கிறது. 2018 அக்டோபரில் போர்ட்டல் தொடங்கியது. 2021-ல் ஒருமுறை மாறினால் உட்காராமல் உடனே ஆடலாம் என்றானது; 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. சில ஆண்டுகள் வசந்தகாலப் பயிற்சி முடியும் சமயத்திலும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பின்வரிசைக்கு அதுதான் பெரிய தலைவலி: ஏப்ரலில் இரண்டாம் வரிசைக் கார்னர்பேக் கிளம்பினால், பதிலுக்கு வருபவருக்குப் பதினைந்து பயிற்சியும் போயே போச்சு. இப்போது அந்த ஜன்னலை மூடி, 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஜன்னல் என்று வைத்தார்கள். பயிற்சியாளர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. கோபித்துக்கொண்ட இரண்டாம் வரிசைக்காரரும் அந்தப் பருவம் முழுக்கக் கூடவே இருப்பார். மறுபக்கம், மார்ச்சில் ஒரு சேஃப்டிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தால், போர்ட்டலில் இன்னும் அணி கிடைக்காமல் இருப்பவர்களில்தான் தேட வேண்டும். ஜனவரியிலேயே ஓர் ஆள் உபரியாக எடுத்துவைக்கும் அணிதான் தப்பிக்கும்.

ஆனால் உபரிக்கு இடமும் சுருங்கிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 உதவித்தொகை என்ற வரம்பு போய், மொத்த அணிக்கே 105 பேர் என்ற வரம்பு வந்தது. முன்பு உதவித்தொகை இல்லாத வாக்-ஆன் மாணவர்களைச் சேர்த்து 120 பேரைத் தாண்டி வைத்திருந்த அணிகள் உண்டு. கழிந்தவர்களில் பயிற்சியில் எதிரணி வேடம் போட்ட டிஃபன்சிவ் பேக்குகளும் அடக்கம். அவர்கள் இல்லையென்றால் அந்த ஸ்னாப்களையும் இரண்டாம் வரிசைக்காரர்களே எடுக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும்.

யாருமே எண்ணாத இன்னொன்று ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் குழுக்கள். பன்ட் (பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுப்பது) உதைக்கும்போது ஓரத்திலிருந்து பாய்ந்து ஓடும் கன்னர், எதிரணி பன்ட் உதைக்கும்போது அவர்களுடைய கன்னரை மறிப்பவர்கள், கிக்ஆஃபில் ஓடுபவர்கள், இவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது, நான்காவது கார்னர்பேக்கும் மாற்றுச் சேஃப்டியும்தான். தொடக்க ஆட்டக்காரராகப் பணம் பேசி வந்தவரைக் கன்னராக ஓடச் சொல்ல மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தவரோ போர்ட்டலில் போய்விட்டார். செப்டம்பரில் ஓர் அணியின் பன்ட் காவல் திடீரென்று ஓட்டையானால், உதைப்பவரைத் திட்டுவதற்கு முன் ஜனவரியில் யார் போனார்கள் என்று பார்ப்பது நல்லது. இதோடு, எதிராளியின் தலையைக் குறிவைத்து மோதுவதைத் தடுக்கும் டார்கெட்டிங் விதியும் இருக்கிறது. 2013 முதல் அந்தத் தவறு உறுதியானால் ஆள் ஆட்டத்தை விட்டே வெளியே. தாவிப் பிடிக்கும் ரிசீவரை மோதும் வேலை சேஃப்டியுடையது என்பதால் இந்த அடி அடிக்கடி இவர்கள் மேலேதான் விழும், அதுவும் காயம்போல முன்னறிவிப்பில்லாமல்.

அப்படியானால் வருபவரிடம் என்ன பார்ப்பது? நாற்பது யார்டு ஓட்ட நேரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைவிட, பழைய ஆட்டப் படங்களில் அவர் எத்தனை ஸ்னாப் வெளியே நின்றார், எத்தனை ஸ்னாப் உள்ளே ஸ்லாட்டில் நின்றார் என்று எண்ணுவது பயன் தரும். பெரிய அணியின் பெஞ்சில் நூறு ஸ்னாப் ஆடியவரையும் சிறிய அணியில் ஒரு பருவம் முழுக்கத் தொடங்கியவரையும் வைத்தால், என் தேர்வு இரண்டாமவர். ஆட்டத்துக்கு அறுபது ஸ்னாப், 12 ஆட்டம், எழுநூறுக்கு மேல் முடிவெடுத்திருப்பார். நிக்கலும் சேஃப்டியும் ஆடத் தெரிந்த ஒருவர், இரண்டு கார்னர்பேக்குகளுக்குச் சமம். ஏனென்றால் நிக்கல் சேஃப்டியாவது பத்து நாள் வேலை. வாழ்நாளெல்லாம் எல்லைக்கோட்டை முதுகுக்குத் துணையாக வைத்து ஆடிய கார்னர்பேக் மைதானத்தின் நடுவே நின்று இருபக்கமும் பார்க்கப் பழகுவது ஒரு பருவத்து வேலை. கடைசிப் பருவக்காரர்களை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பது வெளிப்படை: மறு ஜனவரியில் அத்தனை இடமும் ஒன்றாகக் காலியாகும்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வந்தவர் பட்டியலை அச்சிடும்போது பெயருக்கும் பழைய கல்லூரிக்கும் பக்கத்தில் இன்னும் நான்கு கட்டங்கள் போடுங்கள்: முதன்மை இடம், இரண்டாவது இடம், பாக்கிப் பருவங்கள், ஸ்பெஷல் டீம்ஸ் ஆடியவரா என்பது. அதற்குக் கீழே, அதே கட்டங்களோடு, போனவர்கள் பட்டியல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்