அமெரிக்க மராத்தான் ஓட்டக்காரர் டிக் பியர்ட்ஸ்லி அவர்களுக்குச் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு கடிதம்

பெருமதிப்பிற்குரிய டிக் பியர்ட்ஸ்லி அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிக் கரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் எழுதும் கடிதம் இது. காவலர் தேர்வுக்காகக் கன்னடியன் கால்வாய்க் கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களுக்கு, 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க இன்றும் பயிற்சி கொடுத்துவருகிறேன். 1981இல் நடந்த முதல் லண்டன் மராத்தானில் நார்வேயின் இங்கே சிமோன்சனும் நீங்களும் கைகோத்தபடி எல்லைக்கோட்டைக் கடந்து வெற்றியைப் பகிர்ந்துகொண்டதையும், 1982 பாஸ்டன் மராத்தானில் ஆல்பெர்டோ சலசாரை ஒட்டியே ஓடி இரண்டு விநாடியில் முதலிடத்தை இழந்ததையும் அவர்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். கடைசி மைலில் பின்தொடை பிடித்துக்கொள்ள, சாலைப் பள்ளமொன்றில் கால் விழுந்த அதிர்ச்சியில் அந்தப் பிடிப்பு விட்டு, மறுபடியும் நீங்கள் துரத்திய இடத்தில் எனக்கே குரல் அடைத்துவிடும்.

ஆனால் உங்கள் கதையின் பின்பாதியை நான் சொன்னதில்லை. 1989 நவம்பரில் மினசோட்டாவிலிருந்த உங்கள் பண்ணையில் டிராக்டர் எஞ்சினின் விசையை மற்ற இயந்திரங்களுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு உங்கள் இடது காலைச் சுற்றி இழுத்ததும், அடுத்தடுத்து வந்த விபத்துகளும், வலிக்காகத் தொடங்கிய மாத்திரை உங்களையே பிடித்துக்கொண்டதும், மருந்துச்சீட்டில் கள்ளக் கையெழுத்துப் போட்டு 1996இல் அகப்பட்டதும் பிள்ளைகளுக்கு ஆகாத செய்திகள் என்று ஒதுக்கிவைத்தேன்.

அந்தத் தண்டு எங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் வயல்களில் அது நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும். பாஸ்டனில் நீங்கள் இழந்த இரண்டு விநாடிக்குள் பதினெட்டு சுற்று முடிந்துவிடும். பிசான நெல் அறுவடையொன்றில் கதிரடிக்கும் இயந்திரத்தின் தண்டு என் அண்ணனின் வேட்டியோடு தொடையையும் சேர்த்து இழுத்துவிட்டது. கால் தப்பியது, மாத்திரை நிற்கவில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நெல் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்திருந்த பொட்டலத்தை மதினி கண்டுபிடித்து அழுதபோது, மனம் வைத்தால் விட்டுவிடலாமே என்று அவரைக் கடிந்துகொண்டேன். அபினி வகையைச் சேர்ந்த அந்த வலி மாத்திரைக்கு உடம்பு பழகப் பழக அளவு கூடும் என்பதும், சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் முன்னைவிடக் கடுமையான வலியும் வரும் என்பதும், மருத்துவர் துணையோடுதான் அதிலிருந்து இறங்கிவர வேண்டும் என்பதும் எனக்கு அன்று தெரியாது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதையே ஆயுள் முழுவதும் கற்றுக்கொடுத்த நான், பொறுக்க முடியாத என் அண்ணனைக் கோழை என்று நினைத்தேன்.

உங்களைப் போல ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் எங்கள் பள்ளி விழாக்களுக்கும் வருகிறார்கள். வென்ற கதைகளையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெயர்பெற்ற ஓட்டக்காரர் ஒருவர், தாம் பிடிபட்ட நாளை மைக் முன்னால் நின்று சொல்வதை உங்களிடம்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

சென்ற மாதம் ஒரு மாலையில், திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு உங்கள் பேச்சைத் தமிழில் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தவர், "மேடையில நின்னா இதச் சொல்லுதாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் அவராகவே ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாயா என்றார். இன்னொரு பொட்டலம் மாட்டுத் தொழுவத்தில் இருப்பதைப் பேருந்தில் போகும்போது சொன்னார்.

நன்றியுடன்,
சேரன்மகாதேவியிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியன்