கைக்கு ஒத்தடம்

வின்னிபெக், கனடா
தை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பொங்கலுக்கு முன் நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. மூன்று மாதமாக ஒரு வரி இல்லை என்று நீ வருந்தியது நியாயம்தான். போனில் பேசலாம் என்றால் நேரம் ஒத்துவருவதில்லை. நான் வேலை முடிந்து வந்து உட்காரும்போது அங்கே பின்னிரவு ஆகிவிடுகிறது.

குளிரைக் கேட்டிருந்தாய். இன்று காலை மைனஸ் 27 டிகிரி. ஊர் நடுவே இரண்டு ஆறுகள் கூடுகின்றன, இரண்டும் உறைந்துவிட்டன. பாமணி ஆறு வறண்டால் நாம் நடந்து கடப்போமே, இங்கே தண்ணீர் இருக்கும்போதே கடக்கிறார்கள்.

வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். பஸ் இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்றுதான் மிதிக்கிறேன். அரை மணி நேரம். கால் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடு பிடித்துவிடும். கை அசையாமல் ஹேண்டில்பாரில் கிடந்து காற்றையெல்லாம் வாங்கும். முதல் வாரம் போய்ச் சேர்ந்ததும் கோட்டுப் பொத்தானைக் கழற்றக்கூட விரல் வளையவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரும் பனியில் சைக்கிள்தான். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்து, வினிகரில் சமையல் சோடாவைப் போட்டு, நுரை அடங்கியதும் சுண்டக் காய்ச்சினார். ஒரு லிட்டர் வினிகருக்கு நூறு கிராம் சொச்சம் உப்புக் குழம்பு தேறியது. நெடி மூன்று நாள் போகவில்லை. அதைத் தடித்த பிளாஸ்டிக் பையில் ஆறவைத்து, அதே உப்பில் ஒரு துகளைப் போட்டார். கண்ணெதிரே வெள்ளையாக உறைந்தது. உறைய உறையப் பை சுட்டது! வெந்நீரில் போட்டு உருக்கினால் மறுபடியும் பயன்படுமாம். ஆனால் உறைந்தபின் கல்போல் இறுகி, கையுறைக்குள் உறுத்துகிறது.

அப்போதுதான் அப்பாவின் முழங்காலுக்கு நீ கொடுக்கும் ஒத்தடம் நினைவுக்கு வந்தது. உப்புக்குப் பதில் அரிசி எடுத்துக்கொண்டேன். நீ பெட்டியில் வைத்த வேட்டித் துண்டைக் கிழித்து, உள்ளங்கையில் பாதி அளவுக்கு இரண்டு பை தைத்தேன். பருத்தித் துணியும் பருத்தி நூலும்தான். நைலான் நூலென்றால் சூட்டில் உருகிவிடக்கூடும். முக்கால் பங்கு அரிசி போதும், பை மடங்கிக்கொடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு கோப்பைத் தண்ணீரோடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுகிறேன், இல்லாவிட்டால் அரிசி கருகும். உள்ளங்கையில் வைத்தால் பிரேக் பிடிக்க வராது. மணிக்கட்டின் உட்புறம், நாடி பார்க்கும் இடத்தில், உள்ளுறைக்கு மேலே வைத்து, விரல் பிரியாத கம்பளி உறையைப் போட்டுக்கொள்கிறேன். வேலையிடம் போய்ச் சேரும்வரை சூடு நிற்கிறது.

மரத்த கைக்குச் சூடு தெரியாது. அதனால் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீயும் அப்பாவுக்கு வைக்குமுன் உன் கன்னத்தில்தானே வைத்துப் பார்ப்பாய். விடியாத இருட்டில், அந்த அரிசி வாசனை முகத்தில் படும்போது கொல்லையில் நெல் அவிக்கும் அண்டாவும் நீயும்தான் தெரிகிறீர்கள். ஒரு நாள் அப்படியே நின்று வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. வேறொன்றும் இல்லை அம்மா, நன்றாகத்தான் இருக்கிறேன்.

சம்பா அறுப்பு முடிந்ததா? கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு அப்பா இரவுக் காவலுக்குப் படுக்க வேண்டாம், பனி ஆகாது; தம்பியை அனுப்பு. உன் வளையலை இந்த மாதம் மீட்க முடியாது. வட்டியை மட்டும் அனுப்புகிறேன், மீதியைப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம். தங்கையைப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவே இல்லையே? மேலத்தெரு அத்தை மகன் மாசியில் இங்கே வருகிறான். அவனிடம் அப்பாவின் பழைய வேட்டி ஒன்று கொடுத்துவிடு, புதிது வேண்டாம். சின்ன மாமா பத்திரத்தைக் கேட்டால், நான் வரும்வரை பெட்டியை விட்டு எடுக்காதே.

உன் அன்பு மகன்