புரட்டாசி முடிந்துவிட்டது

அன்பு மகளுக்கு,

புரட்டாசி முடிந்த மறுநாளே உன் அண்ணன் கோழி வாங்கி வந்துவிட்டான். சனிக்கிழமைதோறும் உனக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றினேன். நீ ஒரு போன் போடவில்லை. சரி, நர்ஸ் வேலை, அதுவும் இரவில்.

சாப்பிடுகிறாயா? ஏழு மணியிலிருந்து மறுநாள் ஏழு வரை வெறும் டீயில் நிற்காதே. பகலில் தூங்கு. 17 மணி நேரம் விழித்திருப்பவன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவனைப் போலத் தடுமாறுவானாம். லாரிக்காரன் அண்ணன் சொல்கிறான். அந்த அளவில் இங்கே தென்னாப்பிரிக்காவில் கார் ஓட்டினாலே வழக்கு. வார்டில் மட்டும் யாரும் ஊதச் சொல்வதில்லை. அதனால்தான் சொல்கிறேன், தூங்கு.

உன் வார்டு நோயாளி ஒருவரைப் பற்றிப் பெரியம்மா மகள் ஏதோ சொன்னாள். நான் கேட்கப் போவதில்லை. இன்சுலினுக்கு இரண்டு பேர் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீதானே சொன்னாய்? ராத்திரி வார்டுக்கு நீ ஒருத்திதான் என்றால் இரண்டாவது கையெழுத்து யாருடையது? பக்கத்து வார்டிலிருந்து ஓடிவந்து, ஊசியைப் பார்க்காமலே போட்டுவிட்டு ஓடுகிறவளுடையதா? கேட்க மாட்டேன் என்றேன், கேட்டுவிட்டேன் பார்.

2021 பிப்ரவரியில் டாக்டர், நர்ஸ்களுக்குத்தான் முதல் தடுப்பூசி என்றார்கள். நீ போட்டுக்கொண்ட படத்தை நம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் நான் காட்டாத ஆள் இல்லை. அப்படிப்பட்ட பெண் அம்மாவிடம் ஒளிக்கலாமா?

நானும் ஒன்றை ஒளித்தேன். போன மாதம் கிளினிக்கில் வேறொருத்தியின் மாத்திரையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். என் சர்க்கரை மாத்திரை, சர்க்கரையே இல்லாத யார் வீட்டுக்கோ போயிருந்தால்? திரும்பிப் போய், வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "ஆளைக் கொல்லத்தான் படித்தாயா?" அந்த சிஸ்டர் வாயே திறக்கவில்லை. கொரோனாவுக்கு முன்னால் அந்த ஜன்னலில் மூன்று பேர். ஒருத்தி கொரோனாவிலேயே போய்விட்டாள், ஒருத்தி இங்கிலாந்துக்குப் போனாள். அந்த இடங்களுக்கு இன்னும் ஆள் போடவில்லை. தெரிந்தேதான் கத்தினேன். புகாரும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அவள் அங்கே இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரியம்மா மகளின் போன் வந்தது.

அந்த சிஸ்டருக்கு உன் பிள்ளை வயதுதான் இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், உன் வயது என்று சொல்ல வந்தேன். கண் சரியில்லை, அடித்து எழுதவில்லை.

அந்த நோயாளி பிழைத்தாரா? அதை மட்டும் சொல். மாங்காய் ஊறுகாய் அண்ணன் லாரியில் வருகிறது. மூடி இறுக்கம், வெந்நீரில் வைத்துத் திற.

அம்மா