நாகவல்லி பேசிய மொழி

பாலக்கோடு,
12-10-2025

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தக்காளி வரத்து மிகுந்த வாரம் என்பதால் மண்டியில் கணக்கு முடித்து வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. அதனால்தான் பதிலுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வரை உன்னைக் காக்க வைத்தேன். முழங்கால் வலி குறைந்து, பேரனோடு எல்லை தாண்டிப் போய் ‘காந்தாரா’வின் முன்கதைப் படத்தைக் கன்னடத்திலேயே பார்த்துவிட்டு வந்தாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஓசூரில் இருப்பவனுக்குக் கிடைக்கும் பேறு அது. மொழிமாற்றம் செய்த படத்தை நீ பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கடிதத்தின் பின்பாதியில் நீ எழுதியிருந்த இரண்டு தீர்ப்புகள் என்னை ஐந்து நாட்களாக விடவில்லை. மறுஆக்கம் என்பது அரைத்த மாவையே அரைக்கும் வேலை என்பது ஒன்று. தேசிய விருதுகளைப் பற்றி இனி நாம் பேசுவதே நேரக்கேடு என்பது மற்றொன்று. நாற்பது ஆண்டுகளாகப் படம் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் வாதாடிய நாம் இதையும் வாதாடாமல் விடக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கதை புதிது இல்லை என்பதையே நீ குற்றமாகச் சொல்கிறாய். நாம் கதை கேட்டு வளர்ந்த இடத்தை நினைத்துப் பார். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தில், கர்ணன் மடியப்போகிறான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வோர் ஆண்டும் வேறு ஜமா, அதாவது வேறு கூத்துக்குழு, வரும், அதே கர்ண மோட்சத்தை ஆடும், மறுநாள் காலை டீக்கடையில் நடக்கும் விவாதமெல்லாம் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் இந்த வருடத்துக் கர்ணனின் குரல் சென்ற வருடத்தவன் குரலைப்போல் உள்ளே இறங்கியதா என்பதைப் பற்றித்தான் இருக்கும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் நம் ஊர் ஏரியையும் நம் ஊர்ப் பெரியவர்களையும் பேச்சில் இழுத்துவிட்டால், அஸ்தினாபுரம் அந்தக் கணமே பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு கதை இன்னோர் ஊருக்கு வரும்போது அந்த ஊரின் பேச்சை எடுத்துக்கொள்கிறதா என்ற இந்தப் பழைய அளவுகோலைத்தான் நான் மறுஆக்கப் படங்களுக்கும் வைக்கிறேன்.

அந்த அளவுகோலைக் கற்றுக்கொடுத்தது உன் அம்மா. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. 2004-இல் நீ பெங்களூருவில் வேலையில் இருந்தபோது என்னை வரவழைத்து ‘ஆப்தமித்ரா’வைக் காட்டினாய். அந்தப் படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சௌந்தர்யா விமான விபத்தில் மறைந்திருந்தார். அவர் முகம் திரையில் தோன்றியபோது கொட்டகை முழுவதும் அடங்கிப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே பி. வாசு அதே கதையை ‘சந்திரமுகி’யாக்கித் தமிழில் தந்தார். விடுமுறைக்கு வந்திருந்த நீயும் நானும் அம்மாவை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போய்ப் பார்த்தோம். நாச்சிக்குப்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ரஜினியின் படம் என்பதால் கிருஷ்ணகிரிக்காரர்கள் முதல் காட்சியிலிருந்தே எழுந்து நின்று ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். ஜோதிகா சந்திரமுகியாக மாறித் தெலுங்கில் பேசத் தொடங்கியபோது நம்மைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் பயத்தில் உறைந்திருக்க, உன் அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம்டா, இந்தப் பொண்ணு பேசறது இந்த வீட்டுல ஒருத்தருக்கும் புரியலையே” என்றார்.

ஆந்திரத்துக் குப்பம் ஊரிலிருந்து பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு, தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் நம் தெருவுக்கு வந்தவர் அவர். முதல் இரண்டு ஆண்டுகள் கிணற்றடியில் யாரிடமும் பேசாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியதாகப் பின்னாளில் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் பேயைப் பார்த்த இடத்தில், வேற்றூருக்குக் கொண்டுவரப்பட்டுப் பேச்சுத் துணையில்லாமல் அடைபட்டுக் கிடந்த ஒரு பெண்ணை அவர் பார்த்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கதை எந்த மொழிக்குப் போனாலும் நான் அதன் பேச்சைத்தான் முதலில் கவனிக்கிறேன். 1993-இல் ஃபாசில் எடுத்த மலையாள மூலமான ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் அந்தப் பேய்ப்பெண்ணின் பெயர் நாகவல்லி; தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். கன்னடத்திலும் தமிழிலும் அவள் தெலுங்கு பேசுகிறாள். பிரியதர்ஷன் 2007-இல் இந்திக்குக் கொண்டுபோனபோது வங்காளத்துக்காரி ஆகிவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்து நாட்டு மொழியைப் பேசுபவளாகவே வருகிறாள் என்பதைப் பார்த்தாயா? இது அரைத்த மாவு என்றால், ஒவ்வொரு வீட்டிலும் வேறு தண்ணீர் ஊற்றி அரைத்த மாவு. நான்கையும் பார்த்த பிறகுதான், அந்தக் கதையின் உயிர்நிலை அச்சத்தில் இல்லை, புரியாத மொழியில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. மூலத்தை மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

‘பாபநாசம்’ பற்றி நீ எழுதியதில் பாதியை ஏற்கிறேன். ‘த்ருஷ்யம்’ படத்தின் இறுதியில், இறந்த இளைஞனின் பெற்றோர் முன் நின்று மோகன்லால் பேசும்போது உள்ளே பொங்குவதையெல்லாம் அடக்கி வைத்திருப்பார். கமல் அதை அழுகையாக வெளியே விட்டார். அந்த ஓரிடத்தில் மலையாளமே உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜீத்து ஜோசப் தன் படத்தைத் தானே தமிழில் எடுத்தபோது, ஜார்ஜ்குட்டியைச் சுயம்புலிங்கமாக்கி, ஜெயமோகனின் வசனத்தில் நெல்லைத் தமிழைப் பேச வைத்தாரே, அதை நீ கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டில் மனைவியோடு சில்லறைச் செலவுக்காக அவர் மல்லுக்கட்டும் பேச்சு நெல்லைக்காரர்களுக்குத் தங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்பதுபோல் இருந்திருக்கும். அந்தப் பேச்சு ஊன்றியதால்தான் பின்பாதியில் அந்தக் குடும்பத்துக்காக நாம் பதறினோம்.

ஊன்றாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ‘சூரரைப் போற்று’ படத்தின் இந்தி மறுஆக்கமான ‘சர்ஃபிரா’ சான்று. சோழவந்தான் பையனை மகாராஷ்டிரப் பையனாக்கினார்கள். இயக்குநர் அதே சுதா கொங்கரா. காட்சிகள் ஏறக்குறைய அவையே. மூலம் இந்தி மொழிமாற்றத்தோடு எல்லோர் கையிலும் முன்பே இருந்தது. யாரும் கொட்டகைக்குப் போகவில்லை. இத்தகைய மறுஆக்கங்கள் தாமாகவே நின்றுவிடும், நீ கோபப்படத் தேவையில்லை. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளத்திலேயே தமிழ்நாடெங்கும் ஓடி 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததே. தருமபுரியில் என் மகன் அதைப் பார்த்தபோது அரங்கு நிறைந்திருந்ததாம்.

இனி விருதுக்கு வருகிறேன். ‘ஜவான்’ படத்துக்கு ஷாருக்கான் சிறந்த நடிகர் விருதை விக்ராந்த் மாஸியோடு பகிர்ந்துகொண்டது உன்னை வருத்தியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவருக்கு முதல் தேசிய விருது இந்தப் படத்துக்கா என்ற உன் கேள்வி நியாயமானது. எனினும் நம் நடிகர் திலகத்துக்கு 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழா சிறந்த நடிகர் விருதைத் தந்தது. தேசிய விருதில் அந்தப் பட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. இந்த வலி நமக்குப் புதிதா?

என்னுடைய மனக்குறை வேறு. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்துக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த நடனமும் அந்தக் கண்களும் விருதுக்கு முழுத் தகுதி உடையவை. ஆனால் நாகவல்லியாக அவர் தமிழ் பேசும்போது நாம் கேட்பது துர்கா என்ற பின்னணிக் குரல் கலைஞரின் குரல். அது அவருடைய குரல் என்று ஃபாசிலே எழுதி உலகம் அறிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உன் அம்மா அழுதது கதையில் ஒரு பெண்ணின் பேச்சு யாருக்கும் புரியவில்லையே என்று. இங்கே படத்துக்கு வெளியே ஒரு பெண்ணின் பேச்சு அவளுடையது என்றே யாருக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மாநில விருதுகளில் பின்னணிக் குரலுக்குத் தனி இடம் இருக்கிறது. தேசிய விருதில் இல்லை. நம் ஊர்க் கூத்தில் பாட்டு பிடித்துவிட்டால், பாடியவர் சட்டையில் அங்கேயே ரூபாய் நோட்டைக் குத்துவோம்; கொடுத்தவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் கட்டியங்காரன் சபை நடுவில் உரக்கச் சொல்வான். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதனால்தான் இந்த ஆண்டுப் பட்டியலில் எம். எஸ். பாஸ்கரின் பெயரைக் கண்டதும் மண்டியில் எல்லோரையும் அழைத்துச் சொன்னேன். பல ஆண்டுகள் பிறருக்குக் குரல் கொடுத்து வந்த மனிதர் அவர். ‘பார்க்கிங்’ படத்தில் வண்டி நிறுத்தும் ஓரிடத்துக்காகக் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பகை மூள்கிறது. நேர்மையான அரசு ஊழியராக இருந்த மனிதர் சிறுகச் சிறுக அற்பனாகிக் கொண்டே போவதை அவர் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தச் சரிவு தெரிகிறது. சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர் என்று மூன்று விருதுகள் அந்தச் சிறிய படத்துக்கு. இதற்குப் பிறகும் விருதுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று உன்னால் எப்படிச் சொல்ல முடிகிறது? ஊர்வசிக்கு ‘உள்ளொழுக்கு’ படத்தில் துணை நடிகை விருது தந்ததை நீ கண்டித்தது சரி. கதையைத் தோளில் சுமந்தவரைத் துணை என்று எந்த அளவுகோலால் வகுத்தீர்கள் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். ‘சூரரைப் போற்று’ ஐந்து தேசிய விருதுகள் பெற்றபோது, தந்தையின் சாவுக்கு வந்துசேர முடியாத மகனைத் தாயாக நடித்த அதே ஊர்வசி திட்டி அழுத அழுகைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. எழுத்தில் ஓடும் மொழிபெயர்ப்பைப் படித்து முடிவெடுக்கும் நடுவருக்கு, சோழவந்தான் ஒப்பாரியின் சொற்கள் கிடைக்கலாம். அதன் இழுப்பு எப்படிக் கிடைக்கும்?

விருது நம் மாவட்டத்தைத் தொட்டுச் சென்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் மாதத்தில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மடிந்து, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன அல்லவா? அந்த நாட்களில்தான் யானைப் பராமரிப்பாளர் பொம்மன் தம் தெப்பக்காடு முகாமை விட்டு யானைக்குட்டிப் பணிக்காக நம் தருமபுரிப் பக்கம் வந்திருந்தார். அதே மாதம் அவரையும் அவர் மனைவி பெள்ளியையும் பற்றிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் அமெரிக்காவில் ஆஸ்கார் வாங்கியது. அதில் வரும் ரகு என்ற குட்டிகூட உன் ஓசூர்ப் பக்கத்துக் காட்டில் தாயை இழந்ததுதான். யாரும் எழுதிக் கொடுக்காத தமிழில், மூச்சு வாங்கும் இடைவெளியோடு, அவர்கள் இருவரும் பேசியதை உலகம் கேட்டது. அதைப் பார்த்த இரவில் எனக்கு ஒரே ஏக்கம். ஊர்ப் பெயரிலேயே ஊர் என்று பொருள்படும் கன்னடத்து ‘அள்ளி’யைச் சுமந்துகொண்டு, வீட்டுக்குள் தெலுங்கும் சந்தையில் தமிழுமாக வாழும் நம் பக்கத்துப் பேச்சை மட்டும் ஏன் இன்னும் யாரும் திரையில் சரியாகக் கேட்கவில்லை? புதுக்கதையாக வரவேண்டும் என்றுகூட இல்லை. நாகவல்லியையே ஒருவன் மறுபடியும் எடுத்து, குப்பத்திலிருந்து பாலக்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளாக மாற்றட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போவேன், உன்னையும் இழுத்துக்கொண்டு போவேன்.

ஐப்பசி மழை விட்டதும் நீ இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உன்னிடமிருக்கும் அந்த மலையாள மூலத்தின் குறுந்தகட்டை மறக்காமல் எடுத்து வா. என் மகன் வீட்டிலுள்ள பழைய கருவி இன்னும் ஓடுகிறது. கடைசி அரைமணி நேரத்தை மட்டும் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, திரையைப் பார்க்காமல் நாம் இருவரும் துர்காவின் குரலை மட்டும் கேட்போம்.

என்றும் உன்,
பாலக்கோட்டு நண்பன்