காட்டுப்பூ வழிகாட்டி நூல் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். விரிந்த பூவின் படம் ஒன்று, அடியில் ஒரு பெயர். இந்த வழக்கத்தை அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். உங்கள் படங்களின் அழகில் எனக்குக் குறையில்லை. ஆனால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் இதழில் இருப்பதில்லை.

கானாவாழையையே பாருங்கள். அது சேர்ந்த கொம்மெலினா பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் அந்தத் தொகுதியில், நீலப்பூ பூப்பவை பல. பூவை மட்டும் படமெடுத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூவுக்கு அடியில் இருக்கும் பாளையை, அதாவது மொட்டுகளைப் பொதிந்திருக்கும் இலை போன்ற உறையை, திருப்பிப் பார்க்க வேண்டும். கொம்மெலினா பெங்காலென்சிஸில் பாளையின் விளிம்புகள் அடிப்பக்கம் ஒட்டிப்போய், பாளையே ஒரு புனல் மாதிரி ஆகியிருக்கும். கொம்மெலினா டிஃப்யூசாவில் விளிம்புகள் ஒட்டாமல், நடுவில் மடித்த இலை போலத் திறந்தே கிடக்கும். அப்புறம், பெங்காலென்சிஸின் இலையுறை (தண்டைத் தழுவும் இலையடி) வாயில் செம்பழுப்பு மயிர்கள் தெரியும். மெல்லப் பிடுங்கினால் மண்ணுக்கடியில் வெளுத்த தண்டுகளில், விரியாமலே விதை பிடிக்கும் பூக்களும் கிடைக்கும். பூவோ நண்பகலுக்குள் வாடிவிடும். உலர்த்திய மாதிரிகளில் இதழ் உருத்தெரியாமல் போய்விடும், பாளை மட்டும் நிற்கும். ஆகவே அந்தப் பாளைக்கு ஒரு சின்னப் படம் ஒதுக்குங்கள்.

எருக்கிலும் நிறத்தை நம்பக் கூடாது. வெள்ளெருக்கு பெரும்பாலும் கலோட்ரோபிஸ் ஜைஜாண்டியாவின் வெள்ளை வடிவமே, தனி இனமல்ல. தனி இனமான கலோட்ரோபிஸ் புரொசேராவில் இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், நுனியில் ஊதா படிந்திருக்கும். ஜைஜாண்டியாவில் அவை அகல விரிந்து பின்னால் வளையும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றும்போது ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள், ஏனெனில் காரணங்கள் வேறு வேறு. தாவரங்களுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் வெர்பெசினா ஆல்பா, வெர்பெசினா ப்ராஸ்ட்ராட்டா என்று இரண்டாகப் பெயரிட்டவை ஒரே செடி என்று பின்னர் முடிவானது. அதுதான் இன்று எக்லிப்டா ப்ராஸ்ட்ராட்டா, நம் கரிசலாங்கண்ணி. இங்கே பழைய நூலில் 'ஆல்பா' என்று படித்தவர் அதே செடியைத்தான் படித்தார். கீழாநெல்லியின் கதை அப்படியல்ல. ஃபில்லாந்தஸ் நிரூரி என்பது அமெரிக்கச் செடி. அந்தப் பெயரை நாம் தவறாக நம் கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸுக்குச் சூட்டி வந்தோம். பழைய குறிப்பில் 'நிரூரி' என்று கண்டால் எந்தச் செடியைச் சொல்கிறார்கள் என்றே சந்தேகம் வர வேண்டும். இதில் ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்ற இன்னோர் இனமும் கலந்துவிடும். அதன் காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும், அமாரஸின் காய் காம்புடன் வழவழப்பாக இருக்கும். மருந்துக்குப் பறிப்பவர்களும் உங்கள் நூலைப் புரட்டுகிறார்கள். இந்த வேறுபாட்டை அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள்.

இனம் தெரியாத இடத்தில் பேரினத்தோடு நிறுத்துங்கள். 'கொம்மெலினா, இனம் உறுதியாகவில்லை' என்று அச்சிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. உறுதியில்லாத பெயரை அடுத்த நூல் உங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளும். பிறகு அதைத் திருத்துவது யாருக்கும் எளிதாக இருக்காது.

அன்புடன்,
உங்கள் வாசகர்