முகம் பார்த்தல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். படைவீரர் கொடிநாள் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று வரும் அந்த நாளை நாம் பள்ளியில் உண்டியல் குலுக்கித்தான் அறிந்தோம். சட்டையில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டதோடு கடமை முடிந்தது என்று நினைத்த வயது அது. இம்முறை எங்கள் குடியிருப்போர் சங்கத்தார், தெருக்கோடியில் வசிக்கும் சுபேதார் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு, "எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டார். மறுநாள் அந்தப் பொன்னாடை எங்கள் இரவுக் காவலாளியின் கழுத்தைச் சுற்றியிருந்தது.

சுபேதார் ஐயா வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவரேனும் பட்டாளத்துக்குப் போவதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர் அது. மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, குன்னூர் வெலிங்டனில் பயிற்சி பெற்று, 28 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார். 1971 போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சியாச்சினைப் பற்றி மட்டும் பேசுவார்.

1984 ஏப்ரலில் நம் படை அந்தப் பனிமலையில் ஏறிய நாள்முதல், எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரியில் சோனம் காவல்சாவடியில் அவருடைய ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் மாண்ட செய்தி வந்தபோது, அவர் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பனிக்கடியைப் பற்றி அவர் சொன்னதுதான் என் மனத்தில் தங்கிவிட்டது. பனி கடித்த இடம் முதலில் மரத்துப்போகுமாம்; வலி இராது; மூக்கு நுனி வெளுத்துக்கொண்டே வந்தாலும் உரியவனுக்குத் தெரியாது. ஆகவே இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் முகத்தை மற்றவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வார்களாம். தம் வலக்கை விரல்நுனிகள் இரண்டை அங்கே இழந்ததை அவர் இடையில் ஒரு வாக்கியமாகச் சொல்லிக் கடந்துபோனார்.

என் மனைவி மறைந்த பிறகு ஏழெட்டு மாதம் காலை ஆறு மணிக்குத் தவறாமல் வாசலில் வந்து நின்று, என் முகத்தை உற்றுப் பார்த்து, "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் அவர்தான். நடைக்குத் துணை தேடுகிறார் என்றே அப்போது எண்ணியிருந்தேன். எத்தனை மந்தமாக இருந்திருக்கிறேன், பார்!

அதனால்தான் கடந்த நவம்பரில், ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று வாங்க அவரை நானே ஆட்டோவில் அழைத்துப் போனேன். பட்டாளத்துக்காரரைப் போற்றுவது மேடையைவிட இத்தகைய வரிசைகளில்தான் அதிகம் தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நுனியில்லாத விரல்கள் இரண்டு. மற்றவற்றில் ரேகை தேய்ந்துவிட்டது. கருவி எதையும் ஏற்கவில்லை. கடைசியில் அங்கிருந்த பெண் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "ஒருமுறை கண்ணை மூடித் திறங்கள், தாத்தா" என்றாள். "முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறதா? எங்கள் வழக்கம்தான்" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார், அசைந்துவிட்டதால் மறுபடியும் படம் எடுக்க வேண்டியதாயிற்று.

பொங்கலுக்கு வா. காலை ஆறு மணிக்கு உன்னையும் எழுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்