எந்த ஆங்கிலக் கன்பூசியஸ்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனச் சிந்தனையை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்காக ஞாயிறு இணைப்பில் வந்த நூல் பட்டியலைப் பார்த்தேன். கன்பூசியஸின் பொன்மொழித் தொகுப்பான 'லுன் யூ'வுக்கு எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி என்று கட்டுரையாளர் சொல்லியிருப்பதுதான் இடிக்கிறது.

அந்த நூலில் 'ரென்' என்ற சொல் (மனிதநேயம், நற்பண்பு என்று சுமாராகச் சொல்லலாம்) நூறு தடவைக்கு மேல் வருகிறது. ஜேம்ஸ் லெக் தன் மொழிபெயர்ப்பில் (1861) அதை இடத்துக்கு இடம் 'பெனவலன்ஸ்', 'வர்ச்சூ', 'பர்ஃபெக்ட் வர்ச்சூ' என்று மாற்றிக்கொண்டே போகிறார். ஆர்தர் வேலி (1938) 'குட்னெஸ்' என்கிறார். டி.சி. லாவ் (1979) மறுபடி 'பெனவலன்ஸ்' என்கிறார். லெக்கை மட்டும் படித்தால் என்ன ஆகும்? நான்காம் பகுதியின் தொடக்கத்தில் வரும் 'வர்ச்சூ' மூலத்தில் 'ரென்'. அதே பகுதியின் 25ஆவது பத்தியில் வரும் 'வர்ச்சூ' மூலத்தில் 'தெ' என்ற வேறொரு சொல். வாசகருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

12ஆம் பகுதியின் முதல் மூன்று பத்திகளில் மூன்று சீடர்கள் 'ரென்' என்றால் என்ன என்று ஒரே கேள்வியைக் கேட்டு மூன்று பதில்கள் பெறுகிறார்கள். வாயாடியான ஸிமா நியுவுக்குக் கிடைத்த பதில், ரென் உள்ளவன் நிதானித்துப் பேசுவான் என்பது. அந்த நிதானத்தைக் குறிக்கும் சீனச் சொல்லின் ஒலியும் 'ரென்'தான், தொனி மட்டும் வேறு. குருவின் இந்தக் குறும்பு ஆங்கிலத்தில் காணாமல் போகிறது.

ஆகவே இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சீன மூலமும் அடிக்குறிப்புகளும் உள்ள லெக் பதிப்பு இணையத்தில் இலவசம். எட்வர்ட் ஸ்லிங்கர்லாண்டின் பதிப்பில் (2003) பழைய சீன உரைகளின் கருத்தும் கிடைக்கும். சில பகுதிகளில் பத்தி எண் ஒன்றிரண்டு நகரும். அப்போது சீடர் பெயரைப் பிடித்துத் தேடலாம். ஆனால் ஸ்லிங்கர்லாண்டின் 'ஸிமா'வை வேலியும் லாவும் சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பழைய வேட்-கைல்ஸ் முறையில் வேறு எழுத்துக்கூட்டலில் தருகிறார்கள். அது வேறு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

யுவான் சுவாங் இந்தியாவுக்கு வந்த பயணத்தைக் கற்பனையாக்கிய 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலுக்குக் கட்டுரையாளர் வேலியின் சுருக்க மொழிபெயர்ப்பான 'மங்கி'யைப் பரிந்துரைத்திருக்கிறார். படிக்கச் சுவையானதுதான். ஆனால் அதில் இருப்பது 100 அத்தியாயங்களில் 30. செய்யுள்களில் பெரும்பகுதியும் போய்விட்டது. பௌத்தம் தேடி வருபவருக்கு அந்தச் செய்யுள்கள் முக்கியம். அந்தோணி யூவின் முழு மொழிபெயர்ப்பு நான்கு தொகுதிகள். அவ்வளவையும் வாங்கத் தயங்குபவர்கள் முதல் தொகுதியை மட்டும் வாங்கலாம். நம் பாடப்புத்தக யுவான் சுவாங் புறப்படுவது அதில், 13ஆம் அத்தியாயத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்